குறத்திப் பாறையில் கண்ணாடி வெயில்

தோழி ஸ்ரீஜாவுக்குத் தாலி கட்டி முடிந்ததும், தன் தலையில் விழுந்த அட்சதையைத் தட்டிவிடக்கூட நேரம் எடுக்காமல், வர்ஷினி மண்டபத்தின் மாடியறைக்கு ஓடினாள். பட்டுப்புடவையைக் களைந்து பைக்குள் திணித்தாள். சுடிதாரும் கேன்வாஸ் ஷூவும் மாட்டிக்கொண்டு, கேமராப் பையைத் தோளில் போட்டபடி படியிறங்கியவளை, மணமேடையிலிருந்தே ஸ்ரீஜா பார்த்துவிட்டாள். மாலையும் கழுத்துமாக நின்ற கல்யாணப் பெண், பக்கத்தில் புது மாப்பிள்ளை இருப்பதையும் மறந்து கையை ஆட்டிக் கூப்பிட்டாள்.

"எங்கேடி கிளம்பிட்ட? பந்தி இன்னும் போடவே இல்ல."

"மேலூர் பக்கம் போயிட்டு வந்துடறேன். ராத்திரி ரயில். அதுக்குள்ள பார்த்தாகணும்."

"என் கல்யாணத்துக்கு வந்தியா, கல்லைப் பார்க்க வந்தியா?"

"ரெண்டுக்கும்தான்," என்றாள் வர்ஷினி. பொய் சொல்ல அவளுக்கு வரவில்லை. ஸ்ரீஜா சிரித்துவிட்டாள். புடவைப் பையைத் தன் தம்பியிடம் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னாள்.

இருவரும் சென்னையில் ஒரே இன்சூரன்ஸ் அலுவலகத்தில், எதிரெதிர் நாற்காலியில் ஐந்து வருடமாக உட்கார்ந்திருப்பவர்கள். வர்ஷினிக்கு விடுமுறை கிடைத்தால் எங்கே போவாள் என்பது ஸ்ரீஜாவுக்கு அத்துப்படி. ஆயிரம் வருடங்களுக்கு முன்னால் சமணத் துறவிகள் வாழ்ந்து, படித்து, வழிபட்ட குகைகள் தமிழ்நாட்டுக் குன்றுகளில் பல இடங்களில் இருக்கின்றன. சமணப் பள்ளிகள் என்று அவற்றைச் சொல்வார்கள். அங்கே வழிபட்ட மக்கள் போய்ப் பல நூற்றாண்டுகள் ஆகின்றன. சிற்பமும் எழுத்தும் மட்டும் வெயிலில் கிடக்கின்றன. பஸ் பிடித்தும் நடந்தும் வர்ஷினி இதுவரை நாற்பத்து மூன்று இடங்களைப் படமெடுத்திருந்தாள். நாற்பத்து நான்காவதாகப் போக நினைத்த குறத்திப் பாறைக்கு ஒரு தனிக் காரணம் இருந்தது.

பழைய கல்வெட்டுத் தொகுதி ஒன்றில் அந்தப் பாறைக்கு ஒரே ஒரு வரி ஒதுக்கியிருந்தார்கள். 'ஸ்ரீ' என்று தொடங்கும். அடுத்து ஒன்பது புள்ளிகள். பிறகு 'யார் மாணாக்கர் செய்வித்த திருமேனி.' யாரோ ஒரு ஆசிரியரின் மாணவர்கள் இந்தச் சிலையைச் செய்து வைத்தார்கள், ஆசிரியரின் பெயர் படிக்கும் நிலையில் இல்லை. அவ்வளவுதான். அந்த ஒன்பது புள்ளிகள் மூன்று மாதமாக வர்ஷினியை உறுத்திக்கொண்டிருந்தன. தமிழ்மாறன்தான் அந்தப் பக்கத்தைப் படமெடுத்து அவளுக்கு அனுப்பியவன். வட்டெழுத்துப் பயிலரங்கு ஒன்றில் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்து நண்பனானவன், இப்போது தஞ்சாவூரில் கல்வெட்டு ஆராய்ச்சி செய்துகொண்டிருக்கிறான். 'நீ மதுரை போறேன்னா இதை ஒரு எட்டுப் பார்த்துடு' என்று எழுதியிருந்தான்.

வண்டியூர்த் தெப்பக்குளத்தைச் சுற்றி வந்த பஸ்ஸில் ஏறி மாட்டுத்தாவணி போய், அங்கிருந்து மேலூர் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் பிடித்தபோது மணி பத்தரை. தை மாத வெயில் இதமாக இருந்தது. அறுப்பு முடிந்த வயல்களில் தாள் மட்டும் நின்றது. நான்கு முறை கைப்பேசியை எடுத்து வரைபடத்தைப் பார்த்தாள். நான்கு முறையும் பாறை அதே இடத்தில்தான் இருந்தது.

மேலூர் பஸ் ஸ்டாண்டு வாசலில் நின்ற ஆட்டோக்காரர்களில் இருவருக்கு அந்த இடமே தெரியவில்லை. மூன்றாவதாக இருந்தவர் வாயிலிருந்த வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு கேட்டார்.

"ஊத்தம்பட்டிக்கு மேக்க இருக்கே, அந்தக் குறத்திப் பாறையா? அங்க ஆடு மேய்க்கிறவுகதான் போவாக. ஒங்களுக்கு என்ன சோலி?"

"போட்டோ எடுக்கணும்ணே. கல்வெட்டு இருக்கு, ஒரு சிலை இருக்கு."

"அந்தக் கல்லுச் சாமியா? அட, ஏறுங்க." அவர் பெயர் வீரணன். நாற்பது வயதிருக்கும். வண்டி தார்ச்சாலையை விட்டு மண் பாதையில் இறங்கியதும் கதையை ஆரம்பித்தார். "அது குறத்தியாத்தா. அந்தக் காலத்துல ஒரு குறத்தி அந்தப் பொடவுல உக்காந்து குறி சொல்லுமாம். ஒரு நா ராசாவுக்கே குறி சொல்லிப்புடுச்சு. அது பலிச்சுப் போச்சு. அப்பறம் எந்திரிக்கவே இல்ல, அப்படியே கல்லாப் போச்சுன்னு எங்க அம்மாச்சி சொல்லும்."

"சிலை ஆம்பள மாதிரி இருக்காதாண்ணே?"

"கிட்டப் போயி யாரு பாத்தா? கீழ நின்னு கும்புட்டுட்டு வந்துருவோம்."

கண்மாய்க் கரை வந்தது. கரையில் முப்பது பெண்கள் போல வேலை செய்துகொண்டிருந்தார்கள். நூறு நாள் வேலை. மண்வெட்டியும் சட்டியுமாக இருந்தவர்கள், ஆட்டோவைப் பார்த்து நிமிர்ந்தார்கள். கரைக்கு அப்பால் யானை படுத்தாற்போல நீண்டு கிடந்தது பாறை. வர்ஷினிக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. இது நாற்பத்து நான்காவது முறை. முதல் முறை அடித்ததற்கும் இதற்கும் ஒரு வித்தியாசமும் இல்லை.

பாறையில் வெட்டியிருந்த குழிப்படிகளில் ஏறினாள். வண்டியை நிறுத்திவிட்டு வீரணனும் பின்னாலேயே வந்தார். "தனியா விட்டா நல்லாருக்காது," என்று அவராகவே காரணம் சொன்னார். நாற்பது படி ஏறியதும் பாறை கூரைபோல முன்னால் நீண்டு, அடியில் ஒரு நீளமான நிழல் இருந்தது. ஊரார் புடவு என்று சொல்லும் பாறைக் குகை அதுதான். காற்று குளிர்ந்தது. சுவரில், ஆள் உயரத்துக்கு மேலே, தாமரை மேல் ஒருவர் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். தலைக்கு மேல் மூன்று குடைகள். இரண்டு பக்கமும் சாமரம் வீசும் இருவர். மடியில் வைத்த கை விரல்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தன. காதுகள் தோளைத் தொட்டன. எண்ணெய்க் கறுப்பு படிந்த முகத்தில் உதடு மட்டும் இலேசாக மலர்ந்திருந்தது.

வர்ஷினி சிறிது நேரம் கேமராவைத் தொடவே இல்லை. புடவில் முன்னும் பின்னும் நடந்து பார்த்தாள். பிறகு கேமரா முக்காலியை விரித்து எடுக்க ஆரம்பித்தவள் முழு உருவம், குடை, சாமரம், விரல்கள், பாறையில் வழிந்த மழைநீர்த் தடம் என்று நிறுத்தாமல் எடுத்தாள். வீரணன் கீழே உட்கார்ந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆம்பளதாம்மா," என்றார் கடைசியில், கொஞ்சம் ஏமாற்றத்தோடு.

"தீர்த்தங்கரர்ணே. சமணர்களோட பெரிய குரு. ஆயிரத்து நூறு வருஷமாவது இருக்கும்."

"அம்புட்டு வருசமா?"

கல்வெட்டு சிலைக்கு வடபுறம் இருந்தது. ஒரே வரி, மூன்றடி நீளம். 'ஸ்ரீ' தெரிந்தது. கடைசியில் 'யார் மாணாக்கர் செய்வித்த திருமேனி' தெரிந்தது. நடுவில் பாறை பொரிந்து, மழைநீர் ஓடிய கறை மேலே படிந்து, எதுவும் பிடிபடவில்லை. விரலால் தடவினால் ஏதோ பள்ளம் தட்டுகிறது. கண்ணுக்குத் தெரியவில்லை. மேலே பாறை கூரையாக நீண்டிருந்ததால் வெயில் அந்தச் சுவரில் காலையில் நேராக விழும், பிறகு விழவே விழாது. பக்கவாட்டிலிருந்து சாய்ந்து வரும் வெளிச்சத்தில்தான் தேய்ந்த எழுத்தின் பள்ளம் நிழலாகித் தெரியும். அதற்காகவே சென்னையிலிருந்து பிளாஷ் விளக்கு கொண்டுவந்திருந்தாள்.

பையைத் திறந்தாள். பிளாஷ் இல்லை. வெளிப்புற ஜிப், உள் ஜிப், முக்காலி உறை எல்லாவற்றையும் கவிழ்த்துப் பார்த்தாள். அவசரத்தில் புடவை வைத்த பையில் அதையும் சேர்த்துத் திணித்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அது வண்டியூரில், கல்யாண மண்டபத்தில், ஸ்ரீஜாவின் தம்பி கையில் இருந்தது.

கைப்பேசியின் டார்ச்சைச் சுவரோரம் வைத்துப் பார்த்தாள். பகல் வெளிச்சத்தில் அது எடுபடவில்லை.

"சாக்பீஸ் இருந்தா எழுத்து மேல தேய்ச்சு விட்டுப் பாக்கலாம்ல?" என்றார் வீரணன்.

"கூடாதுண்ணே. நாம தேய்க்கிறதுதான் எழுத்தாயிடும்."

அவர் தாடையைச் சொறிந்துகொண்டு சுற்றிலும் பார்த்தார். புடவின் வட கோடியில் கூரை முடிந்து, பாறை ஒரு மேடையாக வெயிலில் நீட்டிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். படியிறங்கிப் போனார். திரும்பி வந்தபோது கையில் ஆட்டோவின் பக்கக் கண்ணாடி இருந்தது.

"சின்னப் பிள்ளையில கிளாசுல வாத்தியார் மூஞ்சில வெயிலடிச்சு அடி வாங்கியிருக்கேன்," என்றார். மேடையில் நின்று கண்ணாடியைத் திருப்பினார். ஒரு மங்கலான வெள்ளை வட்டம் சுவரில் ஊர்ந்து வந்தது. வர்ஷினி சுவரருகே ஓடிப் பார்த்தாள். சரியான திசை. சுவரை ஒட்டியே, பக்கவாட்டில் வருகிறது. ஆனால் வண்டிக் கண்ணாடி குவிந்த கண்ணாடி. வெளிச்சம் விரிந்து வலுவிழந்து போனது.

"அண்ணே, ஐடியா சரிதான். கண்ணாடிதான் பத்தல. தட்டையா, பெருசா ஒண்ணு வேணும்."

"யாருகிட்ட என்ன கேக்குறிய?" என்று படியிலிருந்து ஒரு குரல் வந்தது.

கண்மாய்க் கரையில் சாப்பாட்டு நேரம் ஆகியிருந்தது. தூக்குவாளியோடு ஏழெட்டுப் பெண்கள் வேடிக்கை பார்க்க ஏறி வந்திருந்தார்கள். முன்னால் நின்றவள் முருகம்மாள். ஐம்பதை நெருங்கும் வயது, தலையில் சும்மாடு, முழங்கால் வரை காய்ந்த சேறு. வர்ஷினி விஷயத்தைச் சொன்னாள். இந்தச் சுவரில் ஒரு பெயர் இருக்கிறது, அந்தப் பெயரை யாரும் இதுவரை படித்ததில்லை, சாய்ந்த வெளிச்சம் கிடைத்தால் படித்துவிடலாம்.

"யாரும் படிச்சதில்லையா?" என்று கேட்டாள் முருகம்மாள்.

"புஸ்தகத்துல வெறும் புள்ளி வச்சிருக்காங்கக்கா."

முருகம்மாள் சுவரைப் பார்த்தாள். பிறகு பக்கத்தில் இருந்தவளைப் பார்த்தாள். "எம் மகளுக்குச் சீரு குடுக்க வாங்கி வச்ச கண்ணாடி கெடக்கு. இம்புட்டு ஒசரம்," என்று இடுப்பில் கை வைத்துக் காட்டினாள். "பேப்பரு கூடப் பிரிக்கல."

"ஐயோ, வேண்டாம்க்கா. உடைஞ்சிட்டா?"

"கை நழுவாமப் பிடிச்சா அது ஏன் ஒடையுது? ஏப்பா ஆட்டோ, வண்டிய எடு. வீடு இந்தா அந்தப் புளியமரத்துக்கிட்டத்தான்."

கால் மணி நேரத்தில் வந்துவிட்டார்கள். பழைய போர்வையில் சுற்றிய கண்ணாடியை வீரணன் ஒரு முனையும் முருகம்மாள் ஒரு முனையுமாகப் பிடித்து, பிரசவத்துக்குப் போகிறவளை ஏற்றுவதுபோல நாற்பது படியையும் ஏற்றினார்கள். மற்ற பெண்கள் முன்னும் பின்னும் நின்று "பைய, பைய" என்றார்கள். மேடையில் நிறுத்தி, போர்வையை உருவி, வீரணன் கண்ணாடியைச் சூரியனுக்குக் காட்டினார்.

கதவைத் திறந்தாற்போல வெயில் புடவுக்குள் பாய்ந்தது. வெள்ளை வெளிச்சத் துண்டு ஒன்று கூரையில் தாவி, சிலையின் முகத்தைத் தொட்டுவிட்டு மேலே ஏறியது.

"ஏய், தேனடை மேல காட்டிராத," என்று முருகம்மாள் அடிக்குரலில் அதட்டினாள். கூரையின் தென் முனையில் முறம் அகலத்துக்கு மலைத்தேனீ அடை ஒன்று கறுப்பாகத் தொங்கியது. வர்ஷினி அதை அப்போதுதான் பார்த்தாள். வீரணன் கண்ணாடியைச் சட்டென்று சாய்க்க, வெளிச்சம் தரையில் விழுந்தது. எல்லோரும் அசையாமல் நின்றார்கள். தேனடையின் மேல் ஒரு சிலிர்ப்பு ஓடி அடங்கியது. யாரோ மூச்சு விட்டார்கள்.

"இப்பக் கீழயிருந்து கொண்டு வாங்கண்ணே. மெதுவா. இன்னும் கொஞ்சம். சுவரை ஒட்டி. அங்கேயே நிறுத்துங்க."

வெளிச்சம் சுவரைத் தடவிக்கொண்டே வந்து நின்றது. அதுவரை வெறும் பொரிந்த பாறையாக இருந்த இடத்தில், ஒவ்வொரு பள்ளத்தின் ஓரத்திலும் மயிரிழையாக ஒரு நிழல் விழுந்தது. நிழல்கள் வளைந்தன. வளைவுகள் எழுத்தாயின. ஒன்பது புள்ளி இருந்த இடத்தில் எழுத்துகள் வரிசையாக நின்றன. வர்ஷினி கேமராவை மறந்து சுவரின் பக்கத்தில் போய் நின்றுவிட்டாள்.

"எடுத்தியா பாப்பா? கை வலிக்குதுல்ல இவுகளுக்கு," என்றாள் முருகம்மாள்.

வெளிச்சம் ஆடியதால் முதல் நான்கு படங்கள் கலங்கிப்போயின. ஐந்தாவதிலிருந்து நன்றாக வந்தன. கண்ணாடியை அங்குலம் அங்குலமாகத் திருப்பச் சொல்லி, ஒவ்வொரு கோணத்திலும் எடுத்தாள். சூரியன் நகர நகர வெளிச்சம் நழுவியது. வீரணன் சளைத்தபோது இரண்டு பெண்கள் மாற்றிப் பிடித்தார்கள்.

அந்த நேரத்தில் படியில் வேகமாகக் காலடிச் சத்தம் கேட்டது. சரண்யாதேவி வந்தாள். கண்மாய் வேலைக்குப் பணித்தளப் பொறுப்பாளர். இருபத்தாறு வயது, கழுத்தில் அடையாள அட்டை, கையில் கைப்பேசி.

"மத்தியான போட்டோ எடுக்கணும்னு தெரியும்ல? ஆள் கொறைஞ்சா போன் ஆப்புல வருகை ஏறாது, அப்பறம் என்னையத்தான் கேப்பாக. எம்புட்டு நேரமாக் கத்துறேன், ஒருத்தருக்கும் காது கேக்கலையா?"

"இருடி, பேரு தெரியப் போகுது," என்றாள் முருகம்மாள்.

"யாரு பேரு?"

எல்லோரும் சுவரையே கைகாட்டினார்கள். சரண்யாதேவி சுவரைப் பார்த்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள். "பத்து நிமிசம்தான்," என்று சொல்லிவிட்டு, கண்ணாடி பிடித்திருந்தவர்களின் பக்கத்தில் போய் நின்றாள். "இந்தப் பக்கம் கொஞ்சம் சாயிங்கக்கா, ஓரம் இருட்டா இருக்கு." அவள் சொன்னது சரியாகவே இருந்தது.

வர்ஷினி கேமராத் திரையைப் பெரிதாக்கி எழுத்துக் கூட்டினாள். முதலில் 'பூ'. பிறகு 'ந்'. 'து'. 'றை'. பூந்துறை. ஓர் ஊர்ப்பெயர். அடுத்து ஒரு 'க்'. அதற்கடுத்து 'கு'. பிறகு ஒரு எழுத்து. அது 'ர' போல இருந்தது. அதன் பின் 'த்', 'தி'. கூட்டிப் பார்த்தாள். மறுபடியும் கூட்டிப் பார்த்தாள். தான் நினைத்ததால் அப்படித் தெரிகிறதா, உண்மையிலேயே இருக்கிறதா என்று சந்தேகமாக இருந்தது. புடவுக்குள் சிக்னல் இல்லை. பாறையின் உச்சிக்கு ஓடிப்போய், மூன்று படங்களைத் தமிழ்மாறனுக்கு அனுப்பினாள். தான் படித்ததை எழுதவில்லை. 'நீ படி' என்று மட்டும் எழுதினாள்.

இரண்டு நிமிடம் ஆயிற்று. அவன் அழைத்தான்.

"எங்கே இருக்க?" குரல் ஒரு மாதிரியாக இருந்தது.

"பாறை மேலதான். நீ என்ன படிச்ச, அதைச் சொல்லு."

"பூந்துறைக் குரத்தியார்."

வர்ஷினி கேமராத் திரையை மறுபடியும் பெரிதாக்கினாள். "நானும் அதான் படிச்சேன். 'ர'தானே? 'ற' இல்லையே?"

"ரெண்டாவது படத்துல தெளிவா இருக்கு. சின்ன 'ர'தான். வர்ஷினி, அது பொம்பள. சமணத்துல பெண் ஆசிரியருக்குக் குரத்தின்னு பேரு. இத்தனை நாளா அந்தப் புள்ளியில ஏதோ ஒரு ஆம்பள ஆசிரியர் பேருதான் இருக்கும்னு நான்கூட நினைச்சுக்கிட்டு இருந்தேன்."

"இந்தப் பாறைக்குப் பேரே குறத்திப் பாறைடா."

மறுமுனையில் தாள் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "அதுலேருந்துதான் பேரு வந்துச்சுன்னு உடனே எழுதிடாதே. நிரூபிக்கணும்," என்றான். அடுத்த மூச்சிலேயே, "ஆனா வேற எப்படி இருக்கும்?" என்றான்.

வர்ஷினி இறங்கி வந்தபோது கண்ணாடியைப் போர்வையில் சுற்றிச் சுவரில் சாய்த்திருந்தார்கள். எல்லோரும் அவள் முகத்தையே பார்த்தார்கள். அவள் சுவருக்கு அருகில் நின்று, விரலைப் பாறையில் படாமல் காற்றில் நகர்த்தி, ஒவ்வொரு எழுத்தாகப் படித்துக் காட்டினாள்.

"ஸ்ரீ பூந்துறைக் குரத்தியார் மாணாக்கர் செய்வித்த திருமேனி."

"குறத்தின்னா வருது?" என்றார் வீரணன். "அப்ப எங்க அம்மாச்சி சொன்னது நெசந்தானா?"

"குறி சொல்றவங்க இல்லண்ணே. குரத்தின்னா பாடம் சொல்லிக் கொடுக்கிற அம்மா. இந்தப் புடவுல அவங்க இருந்திருக்காங்க, இல்லேன்னா அவங்க மாணவங்க இருந்திருக்காங்க. தங்களோட டீச்சர் பேரைப் போட்டு இந்தச் சிலையைச் செஞ்சு வச்சிருக்காங்க."

"வாத்தியாரம்மாவா?" என்றாள் முருகம்மாள்.

"வாத்தியாரம்மாதான்க்கா."

முருகம்மாள் வாயில் கை வைத்துக்கொண்டாள். பிறகு சரண்யாதேவியின் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். "கேட்டியாடி, ஆயிரம் வருசத்துக்கு முன்னாடியே பொம்பள பாடம் நடத்தியிருக்கா. இவ பன்னெண்டாப்புக்கு மேல படிக்கப் போறேன்னு சொன்னதுக்கு இவுக அப்பன் என்ன ஆட்டம் ஆடுனான்."

"அதெல்லாம் இப்ப எதுக்குக்கா," என்ற சரண்யாதேவிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "படிச்சுத்தானே முடிச்சேன்." கைப்பேசியை எடுத்துக் கல்வெட்டைத் தானும் ஒரு படம் எடுத்துக்கொண்டாள். வருகைப் பதிவுக்குக் கரைக்கு இறங்க வேண்டும் என்பதையே மறந்து எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். கடைசியில் அவளே கைதட்டி எல்லோரையும் விரட்டினாள். பெண்கள் படியிறங்கும்போதும் 'குரத்தியார், குரத்தியார்' என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே போனார்கள்.

கண்மாய் வேலை முடிந்து, கண்ணாடியை இறக்கி முருகம்மாள் வீட்டில் சேர்த்தபோது மணி மூன்று. ஒரு கீறல்கூட விழவில்லை என்று முருகம்மாள் நான்கு மூலையையும் தடவிப் பார்த்துக்கொண்டாள். அதன் பிறகுதான் வர்ஷினிக்குப் பசித்தது. முருகம்மாள் தூக்குவாளியில் மிச்சமிருந்த கம்மங்கூழையும் இரண்டு மோர்மிளகாயையும் அவளுக்கும் வீரணனுக்கும் பங்கிட்டுக் கொடுத்தாள். ஸ்ரீஜாவின் கல்யாணப் பந்தியை நினைத்து வர்ஷினி ஒரு நொடிகூட வருந்தவில்லை.

"ராத்திரிக்கே ஊருக்குப் போகணுமா?" என்று கேட்டாள் முருகம்மாள்.

"ஒன்பதரைக்கு ரயில்க்கா."

"அப்ப அதப் பாக்க முடியாது."

"எதை?"

"பாறைக்கு அந்தப் பக்கம், சொனைக்கு மேல, படுக்க மாதிரி அஞ்சாறு வெட்டி வச்சிருக்கு. ஆடு மேய்க்கையில அதுல படுத்துத் தூங்குவேன். தலமாட்டுல இதே மாதிரிக் கோழி கிண்டுன மாதிரி கிறுக்கியிருக்கும். நா அத யாரும் கத்தியால கீறி வெளாண்டிருக்காகன்னுல்ல நெனச்சேன்."

வர்ஷினி கூழ்க் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். அந்தப் பழைய தொகுதியில் இந்தப் பாறைக்கு ஒரே ஒரு வரிதான் இருந்தது. அது அவளுக்கு மனப்பாடம். படுக்கைகளைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

"எத்தனை எழுத்து இருக்கும்க்கா?"

"எண்ணியா பாத்தேன்? ஒரு படுக்கையில ரெண்டு வரி இருக்கும். இன்னொண்ணுல கொஞ்சம் அழிஞ்சு போச்சு. ஆனா ஏறுறது கஷ்டம். முள்ளு மண்டிக் கெடக்கு. காலையில வெயிலு சாஞ்சு அடிக்கும், அப்பத்தான் நல்லாத் தெரியும்."

நாளை சனிக்கிழமை. அலுவலகம் இல்லை. வர்ஷினி கைப்பேசியை எடுத்து ரயில் டிக்கெட்டை ரத்து செய்தாள். பிறகு ஸ்ரீஜாவுக்கு, 'இன்னிக்கு உங்க வீட்ல ஒரு மூலையில படுத்துக்கலாமா, காலைல அஞ்சு மணிக்குக் கிளம்பிடுவேன்' என்று எழுதினாள். கல்யாணப் பெண்ணிடமிருந்து ஒரு நிமிடத்தில் பதில் வந்தது. 'படுத்துக்கோ. உன் பிளாஷ் என் தம்பிகிட்ட இருக்கு. தன் கேமராவுல மாட்டி ஊரையே போட்டோ எடுத்துட்டு இருக்கான்.'

"காலையில எத்தன மணிக்கு வரணும்?" என்றார் வீரணன், யாரும் கேட்காமலே. "ஆறுக்கெல்லாம் பஸ் ஸ்டாண்டுல நிப்பேன். அருவா ஒண்ணும் எடுத்து வாரேன், முள்ள வெட்டிப் பாதை போட்டுறலாம்."

"சரண்யாவையும் கூட்டியாறேன்," என்றாள் முருகம்மாள். "நாளைக்கு அவளுக்கு லீவுதான். வராட்டி என்னய திட்டுவா."

வர்ஷினி தமிழ்மாறனை மறுபடியும் அழைத்தாள். அவன் 'ஹலோ' என்பதற்குள்ளாகவே சொல்ல ஆரம்பித்துவிட்டாள். அவள் சொல்லி முடித்தபோது அவன் தஞ்சாவூரிலிருந்து மேலூருக்கு விடிகாலையில் எத்தனை மணிக்குப் பஸ் என்று யாரிடமோ கேட்டுக்கொண்டிருந்தான்.